இருட்டிய பின் உண்போர்

ஆசிரமப் பகுதியின் மொட்டைமாடி உணவகங்களில் பொழுது சாயும்போது தொடங்கும் கூத்தை நாள்தோறும் பார்க்கும் நிலை எனக்கு என் மகளால் வாய்த்தது. கடல் இல்லாத ஊரில் கடற்கரைக் குடில்போலக் கீற்று வேய்ந்திருப்பார்கள். அதன் விளிம்பெங்கும் கடுகளவு மின்விளக்குகள் மினுக்கும். வீட்டில் மெத்தை நாற்காலியை விட்டு எழாத வெளியூர்க்காரர்கள் இங்கு வந்து தரையில் திண்டு போட்டு அமர்ந்து, முழங்கால் வலியைப் புன்னகையால் மறைத்துக்கொள்வார்கள். இஞ்சியும் எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீரைக் கலயத்தில் கொடுத்தால், இரு கைகளாலும் ஏந்திக் கண்ணை மூடி உறிஞ்சுவார்கள். சளி பிடித்தவனுக்குக் கொடுக்கும் கசாயத்துக்கு இத்தனை பணிவு! எட்டு மணிக்கு ஒருவர் கிதாரை மீட்ட, மற்றவர்கள் பொருள் தெரியாத பாட்டுக்குக் கைதட்டுவார்கள். அங்கே மது கிடையாது; மதுவருந்தியவரின் உளறல் மட்டும் உண்டு.

பகலில் இதே கூட்டம் ஊர் பார்க்கும். கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்துச் சிரிப்பதற்குப் பெயர் ஊர் பார்த்தல். தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், சிலருக்கு நான் கல்வெட்டு வரியொன்றைப் படித்துக் காட்டியதுண்டு. “பழசா சார்?” என்று கேட்டார்கள். ஆம் என்றதும் மனநிறைவோடு நகர்ந்தார்கள்.

இத்தகையோரை நம்பி என் மகள் செங்கம் சாலையில் ஓர் உணவகம் தொடங்கினாள். வேங்கிக்காலில் தனியார் அலுவலகம் ஒன்றில் பார்த்த எழுத்தர் வேலையை அதற்காகவே விட்டாள். தன் கையால் சமைத்துத் தன் காலில் நிற்க வேண்டும் என்பது அவளது நெடுநாள் விருப்பம்.

நாங்கள் சமணர், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் உழுது வாழ்ந்த குடி. ஞாயிறு மறைந்தபின் உண்பதில்லை. விளக்கையும் தீயையும் நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மாயும் என்பதால் வந்த நெறி அது. உணவகத்திலும் அந்நெறியே நடக்க வேண்டும் என்று வலியுறுத்தியவன் நான். மற்றக் கடைகள் அடுப்பு மூட்டும் வேளையில் அவள் அடுப்பை அணைத்தாள். நண்பகலில் ஆறேழு பேர் வருவார்கள். மாலையில் ஒருவரும் இல்லை. ஓராண்டு இப்படிக் கழிந்தது. கடையைத் தொடர்வதா காலி செய்வதா என்று கட்டட உரிமையாளருக்கு அந்த மாதம் முடிவதற்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

அந்நிலையில்தான் சென்னையிலிருந்து வாரந்தோறும் குழு அழைத்து வரும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் நண்பகலில் வந்து உண்டார்.

“மேடம், டேஸ்ட் சூப்பர். வாரா வாரம் ஒரு பேட்ச் கூட்டினு வரேன். இந்த வியாழக்கிழமை பன்னெண்டு பேரு. டின்னர் எட்டு மணிக்கு வெச்சுக்கலாமா?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தாங்க முடியும். பொழுது சாஞ்சா நாங்க அடுப்பு பத்த வெக்கறதில்லீங்க.”

“அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிலதாங்க டின்னர் குடுப்பாங்க!” என்று சிரித்தவர், சட்டென்று தொடையில் தட்டிக்கொண்டார். “இருங்க, இதையே ஒரு கான்செப்டா மாத்திடலாம். சன்செட் டின்னர்! சார் ஊர் ஹிஸ்டரி பேசட்டும். ஆனா பத்து நிமிஷம்தான் சார், ஜாஸ்தி வேணாம்.”

உயிர்க்கொலைக்கு அஞ்சி என் முன்னோர் கைக்கொண்ட நெறி அந்த நொடியில் ஒரு கேளிக்கையின் பெயராயிற்று. மகளின் முகத்தைப் பார்த்து இசைந்தேன்.

வியாழனன்று அவள் விடியலிலிருந்து உழைத்தாள். வரகரிசிப் பொங்கல், பாசிப்பயற்றுக் கூட்டு, வாழைப்பூ வடை, வெல்லப் பாயசம். ஐந்து மணி ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. கோயிலை மேலிருந்து பார்க்கவும் ஞாயிறு மறைவதைப் பார்க்கவும் மலைப்பாதையில் ஏறியிருக்கிறார்கள் என்று தெரியவந்தது. கைபேசி அழைப்புகளுக்கு மறுமொழி இல்லை. ஐந்தரைக்கு மகள் மலையடிவாரத்துக்கே அவர்களை அழைத்து வரப் புறப்பட்டாள். “அடுப்ப சிம்ல வெச்சிருக்கேன் அப்பா, பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்துக்கொண்டேன். பொழுது சாயச் சாய என் மனம் ஒரே திசையில் ஓடியது. இனி அவர்கள் வந்தாலும் ஒளி இருக்கும்போது உண்ண முடியாது. சமைத்ததை இரவு முழுதும் வைத்திருப்பதும் எங்கள் வழக்கமன்று. அடுப்பை அணைத்தேன். எதிரில் நின்ற ஆட்டோ ஓட்டுநர்களை அழைத்து அமர வைத்து, சமைத்த ஏனங்கள் ஒழியும்வரை பரிமாறினேன்.

“இன்னா பெரியவரே, வீட்ல விசேஷமா? பாயசம்லாம் கீது!”

“ஒளி உள்ளபோதே உண்டு முடியுங்கள்” என்றேன்.

“இன்னாபா சொல்றாரு?”

“சீக்கிரம் துன்னுன்றாரு. பேசாத துன்னு, மனசு மாறிடப் போறாரு.”

அவர்கள் கை கழுவும்போது மேற்கு வானில் செம்மை எஞ்சியிருந்தது. பிழையற்ற ஒரு செயலைச் செய்த நிறைவோடு ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஏழு மணிக்கு மகள் பன்னிருவரோடு வந்து சேர்ந்தாள். கவிழ்ந்த ஏனங்களை ஓர் இளம்பெண் ஒளிப்படம் எடுத்தாள். “வாவ், எவ்ளோ மினிமலா இருக்கு!” என்றாள். ஏற்பாட்டாளர் நிலைமையைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. “என்ன மேடம் இது? என் பேரே கெட்டுப்போச்சு” என்று முணுமுணுத்தபடி அவர்களை எதிர்வீட்டு மாடிக்கு ஓட்டிச் சென்றார். பத்து மணிவரை அவர்கள் அங்கே பாலாடைக்கட்டி உருகிய ரொட்டியை விழுங்கினார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

மகள் ஒவ்வோர் ஏனமாக நிமிர்த்திப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் குடுத்துட்டீங்களா?”

“ஞாயிறு மறைந்துவிட்டதம்மா.”

“நானும்தான் ராத்திரி சாப்பிடறதில்ல. அதுக்குனு வர்றவங்க பட்டினி கெடக்கணுமா? நீங்க சாப்பிட வேணாம் அப்பா, யாரும் உங்கள கேக்கல. என் அடுப்ப அணைக்க நீங்க யாரு?”



என் முன்னிலையிலேயே அவள் ஏற்பாட்டாளரை அழைத்தாள். “சனிக்கிழமை எட்டு மணிக்குக் கூட்டினு வாங்க. அடுப்பு எரியும். சாப்பாடு புடிக்கலன்னா நான் கடைய காலி பண்ணிடறேன், அப்புறம் உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்.” குழு ஞாயிற்றுக்கிழமைவரை ஊரில் தங்குவதாக இருந்ததால் அவர் இசைந்தார். அந்தப் பெரியவரும் வந்து பேச வேண்டும், வீடியோவில் நன்றாக இருப்பார் என்றாராம்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கே வீட்டில் உண்டுவிட்டுப் போனேன். பூச்சிகள் நுழையாதவாறு சன்னல்களுக்கெல்லாம் மகள் நெருக்கமான வலை அடித்திருந்தாள். பன்னிருவரும் இலைமுன் அமர, நான் நின்றபடி ஊர் வரலாற்றைச் சொன்னேன். நான் பல்லவரை எட்டியபோது ஏற்பாட்டாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நிறுத்தினேன்.

ஏனங்களைப் படம் எடுத்த அதே இளம்பெண் கேட்டாள்: “சார், நீங்க சாப்பிடலையா?”

காரணத்தை இரண்டு வரியில் சொன்னேன். அவள் இலையிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்ப நாங்க மட்டும் எப்படி சார் சாப்பிடறது? இன்னிக்கு நானும் ஸ்கிப் பண்றேன்.”

“எனக்கும் வேணாம்” என்றார் பக்கத்தில் இருந்தவர். “இது ஒரு எனர்ஜி, இல்ல?”

கொட்டாவி பரவுவதுபோலத் துறவு பரவியது. பன்னிரண்டு கைகள் இலைகளை விட்டு எழுந்தன. அவற்றுள் நான்கு, கைபேசியை எடுத்துத் தொடப்படாத உணவைப் படம் பிடித்தன. ஒருவர் கண்ணை மூடி நெடுமூச்சு விட்டார். ஏற்பாட்டாளரின் முகம் சுருங்கியது. சமையலறை வாயிலில் வடைத் தட்டோடு என் மகள் நின்றாள். அவள் விருந்தினரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

இருட்டிய பின் உண்கிறார்களே என்று ஓராண்டாக இவர்களை இகழ்ந்தவன் நான். இப்போது இவர்கள் உண்ணாமையும் எனக்குப் பொறுக்கவில்லை.

“உண்ணுங்கள்” என்றேன். ஒருவரும் அசையவில்லை. அச்சொல்லையும் பண்பாடென்று எண்ணி வணங்கினார்கள்.

மகளின் கையிலிருந்த தட்டை வாங்கினேன். “சாப்பிடுங்கம்மா, ஆறிப்போகுது” என்று அந்தப் பெண்ணின் இலையில் ஒரு வடை வைத்தேன். “என் வழக்கம் என்னோட. உங்களுக்குப் பசிக்குது, தெரியுது. சாப்பிடுங்க.” இருட்டிய பின் ஒருவரை உண்ணச் சொன்னது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை. அவள் விடுதலை பெற்றவள்போலப் பிட்டு வாயில் போட்டாள். துறவு எத்தனை விரைவாக வந்ததோ அதனினும் விரைவாகப் போயிற்று.

“இன்னொன்னு வைங்க சார்.”

வைத்தேன். வரிசை முழுவதும் வைத்துக்கொண்டே போனேன். விடைபெறும்போது ஏற்பாட்டாளர், “அடுத்த வாரம் பதினாறு பேரு மேடம்” என்றார்.

திங்கட்கிழமை அவள் கட்டட உரிமையாளரிடம் கடையைத் தொடர்வதாகச் சொல்லிவிட்டாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் சொல்லித்தான் அறிந்தேன்.