அண்ணன் பின்பக்கமாக ஓட்டி வந்த ரயில்

தாம்பரத்தில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் எங்கள் அண்ணன் பிறந்தார். நாங்கள் இரண்டே பேர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டு, இன்ஜினில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அவர் உழைப்பில்தான் நான் படித்தேன். அதை ஒருநாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் டிரைவர் ஆனார். கிடைத்தது கூட்டம் அதிகமில்லாத ஒரு கிளைப் பாதை, நாலு பெட்டி, ஒரு குட்டி நீராவி இன்ஜின். பெரிய இன்ஜின்களுக்குக் கரியும் தண்ணீரும் சுமக்கப் பின்னால் தனி வண்டி உண்டு. இதற்கு இல்லை. தண்ணீர்த் தொட்டி இரண்டு விலாவிலும், கரி முதுகிலும் இருக்கும். கடைசி ஸ்டேஷனில் திருப்ப வேண்டிய அவசியமும் கிடையாது. கழற்றி, மறுமுனையில் மாட்டினால் போதும். போகும்போது முகம் முன்னால், வரும்போது முதுகு முன்னால். கூட வேலை செய்தவர்கள் பொம்மை ரயில் என்று கேலி பேசுவார்கள். அண்ணன் சிரித்துக்கொள்வார்.

அவர் கல்யாணத்துக்கே அந்த இன்ஜின் உலை வைக்கப் பார்த்தது. அண்ணியின் அப்பா குரோம்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்தார். மாப்பிள்ளையை வேலையில் பார்த்துவிட வேண்டும் என்று, எங்களுக்குச் சொல்லாமல், மகளோடு ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பாதைக்குப் போயிருக்கிறார். ஸ்டேஷனில் நின்றால், இன்ஜின் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறது! முகமெல்லாம் கரித்தூளோடு அண்ணன். மாமா ஆடிப்போய்விட்டார். ஏறி உட்கார்ந்ததுமே மகளிடம் சொன்னாராம்:

"நேரா ஓட்டக்கூடத் தெரியல. இந்த எடம் நமக்கு வேணாம்மா."

வண்டி நகர்ந்தது. கத்தரிக்காய்க் கூடையைச் சுமந்துகொண்டு ஓர் அம்மா வயலில் ஓடி வந்தார். பல்லாவரம் சந்தைக்குப் போகிறவர். அடுத்த வண்டி சாயங்காலம்தான். விட்டால் அன்றைய பிழைப்பு போச்சு. அண்ணன் வண்டியை நிறுத்தி, தானே இறங்கி வந்து கூடையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தப் பாதையில் அது வழக்கம். குட்டி இன்ஜின் சட்டென்று நிற்கும், சட்டென்று கிளம்பும்.

அதுவரை அண்ணி போட்டோவைத்தான் பார்த்திருந்தார்.

"ஓடியாறவங்களுக்கு நிக்கிறாரேப்பா. எனக்கு இவரே போதும்."

மாமா மாதக்கணக்கில் முரண்டு பிடித்தார். பின்பக்கமாக ஓட்டுவதுதான் அந்த இன்ஜினின் முறை என்று யார் சொல்லியும் நம்பவில்லை. அண்ணி அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாகத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

தொண்ணூறுகளில் நீராவி இன்ஜின்களை நிறுத்தியபோது அண்ணன் ஒப்பாரி வைக்கவில்லை. பயிற்சி எடுத்துக்கொண்டு, மின்சார ரயிலையும் அதே பொறுமையோடு ஓட்டினார். மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததும் தன் வீட்டுக்கே அழைத்து வந்தார். டூட்டிக்குப் போகுமுன் அவரைக் குளிப்பாட்டுவார், வந்ததும் சோறு ஊட்டுவார். பெற்ற மகன் செய்வானா என்பது சந்தேகம்தான். என் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமை.

போன வருடம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஓடி வந்து தூக்கிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், போராடிப் பார்த்த டாக்டர்களுக்கும், தோள் கொடுத்த ரயில்வே நண்பர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அண்ணனை எடுக்கும் நேரத்தில் மாமா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, நாக்குக் குழறச் சொன்னார்:

"அன்னிக்கு நீ என் பேச்சக் கேட்டிருந்தா, எனக்கு யாரும்மா இருந்திருப்பா?"

அப்பா பேச்சைக் கேட்காத எங்கள் அண்ணிக்கு, எல்லோருக்கும் முன்னால், இந்தத் தங்கையின் நன்றி.