வெல்டிங்குக்குப் பொட்டு வைத்தவர்

பிறர் ஆசையாக வாங்கியதன் அடியில் மல்லாந்து படுத்து, அங்கே தெரிவதைக் கூசாமல் சொல்வதுதான் வாகனப் பரிசோதகரின் தொழில். புது வண்டி வாங்கிய மகிழ்ச்சி ஆறுமுன்னே, அதே வண்டியை வாங்கிய மற்றவர்களின் புலம்பலை இணையத்தில் படித்துத் தூக்கம் கெட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டோர்ட்மண்டில் உங்களைப் போன்றவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள்.

உயரம்

பூமணி அக்கா வாங்கியது, கரடுமுரடான பாதைகளுக்கென்றே செய்யப்பட்டுப் புதிதாகச் சந்தைக்கு வந்த பெரிய ஜீப். அதன் அடிச்சட்டமான சேசிஸில் வெல்டிங் சரியில்லை என்று உரிமையாளர்கள் படங்களோடு எழுதத் தொடங்கியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அக்கா அலுவலகங்களைத் துப்புரவு செய்து ஓய்வுபெற்றவர். ஐம்பது கடந்தபின் சாரதி உரிமம் எடுத்தவர். அடுத்த சனிக்கிழமை சுவிஸின் மலையூர் ஒன்றில் அவருடைய தங்கை மகளுக்குக் கலியாணம். எப்போதும் எவருடைய காரிலாவது பின்சீற்றில் ஏற்றிச் செல்லப்பட்டவர், இம்முறை தானே ஓட்டி வருவதாகத் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இவ்வளவு குள்ளமான உங்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்டேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. அவர் கோபிக்கவில்லை.

"இவ்வளவு காலமும் மற்றவையின்ர மேசைக்குக் கீழ குனிஞ்சு துடைச்சனான் பிள்ளை. இனி மேல இருந்து பாக்கப் போறன்."

முரட்டு வண்டி

பின் அச்சைத் தாங்கும் இடங்களில் வெல்டிங், கருகிய அப்பத்தின் ஓரம்போல் பொரிந்து கிடந்தது. பார்வைக்கு அவலட்சணம் என்பது வேறு, பாரம் தாங்காது என்பது வேறு. எது என்று சோதித்தால்தான் தெரியும். விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்து, அக்காவும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன். "இது முரட்டு வண்டி அம்மணி, வெல்டிங்கும் முரடாகத்தான் தெரியும். வெறும் அழகுக் குறை," என்றார் அவர். அழகைப் பற்றி நான் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

அக்கா என் காதருகே எட்டி தமிழில் ஒரு வாசகம் சொன்னார். ஒரு சொல்லும் குறையாமல் அதை ஜெர்மன் மொழியில் விற்பனையாளருக்குச் சொன்னேன். அக்கா சொன்னது இதுதான்:

"அப்ப அந்தத் தம்பியைப் பின்சீற்றில வந்து இருக்கச் சொல்லு, போவம்."

வெள்ளையும் சிவப்பும்

வெடிப்பைக் கண்டுபிடிக்கும் முறை எளியது. பெயின்ற்றைச் சுரண்டிவிட்டு, வெல்டிங்கின்மேல் சிவப்புச் சாயத்தைத் தெளிக்க வேண்டும். சற்றுப் பொறுத்து அதைத் துடைத்துவிட்டு, வெண்ணிறப் பொடியைப் பூச வேண்டும். வெடிப்பு இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் சாயம் வெள்ளையின் ஊடாகச் சிவப்பாகக் கசியும். வண்டியை உயர்த்தி வெள்ளையைப் பூசிவிட்டு, வந்த அழைப்பொன்றில் பேச வெளியே போனேன். பட்டறைத் தலைவர் ஊவே, அக்கா பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸைக் கோப்பியோடு சாப்பிடப் போயிருந்தார்.

திரும்பி வந்த ஊவேயின் அலறல் தெருவரைக்கும் கேட்டது; உள்ளே ஓடினேன். வெல்டிங் ஒவ்வொன்றிலும் சிவப்பு! இப்படியொரு வண்டியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று தலையில் கைவைத்தார். எந்த இரும்பு இவ்வளவு வட்டவட்டமாக வெடிக்கும் என்று யோசித்தபடி திரும்பினேன். ஊவேயின் முக்காலியில் ஏறி நின்றிருந்த அக்காவின் கையில் சின்னத் தகரக் குங்குமப் பேணி.

"திருநீறு வடிவாப் பூசிப்போட்டியள். பொட்டு வைக்க மறந்திட்டியள் எண்டு நினைச்சன்."

ஒரே ஒரு கோடு

எல்லாவற்றையும் கழுவி, முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது அக்காவின் கணவர் சிவநேசன் அண்ணையும் வந்து சேர்ந்திருந்தார். நால்வரும் அண்ணாந்து நின்றோம். மற்ற இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பின் அச்சின் இடப்பக்கத்தில் மட்டும் மயிரிழை போன்றதொரு சிவப்புக் கோடு மெல்ல மெல்ல எழுந்து வந்தது. ஊவே என்னைப் பார்த்தார்.

"இதுவும் நான் வைச்சதா இருக்குமோ, பிள்ளை?" என்று கேட்டார் அக்கா. ஆம் என்று சொல்லிவிட மாட்டேனா என்று அந்தக் குரல் கெஞ்சியது. சொல்ல எனக்கும் ஆசையாக இருந்தது. "இல்லை அக்கா. இந்த வண்டியில நீங்கள் போகேலாது," என்றேன். தங்கைக்கு என்ன சொல்வது என்று கேட்டார்.

அண்ணை தன் கைக்குட்டையை எடுத்து, அக்காவின் விரல்களில் ஒட்டியிருந்த குங்குமத்தை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு சாவிக்கொத்திலிருந்து தன் பழைய சின்னக் காரின் திறப்பைக் கழற்றி அந்தக் கையில் வைத்து மூடினார். அந்தத் திறப்பை அவர் இதற்குமுன் மனைவிக்குக்கூடக் கொடுத்ததில்லை.

"நீர் ஓட்டும். நான் பக்கத்தில இருந்து வழி சொல்லுறன்."

வாசல்

என் அறிக்கை போய்ச் சேர்ந்தபின் விற்பனையாளர் அழகைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். சேசிஸை முழுவதுமாக மாற்றித்தருவதாக எழுதினார். அதைச் சொல்லலாம் என்று கலியாணத்துக்கு மறுநாள் அக்காவை அழைத்தேன். ஜீப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள், பாத்திரங்கள் ஓசையிட்டன.

"சின்னக் கார்தானே, றோட்டில ஒருத்தரும் என்னைக் காணேல்லை. ஆனா நான் ஓட்டி வந்ததைத் தங்கச்சி வாசலில நிண்டு கண்டவள்."

மலையேறுவதற்கென்று விற்கப்பட்ட வண்டி எங்கள் பட்டறை மூலையில் நிற்க, மரக்கறி வாங்கப் போய்வந்த கார் மலையேறியதையே, ஒரு பரிசோதகருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வெற்றியாகக் கொள்கிறேன்.