முதல் பத்து வரிசை

பச்சை டிக் அப்படியே இருந்தது. நேசபாய்க்கு அதுதான் பொறுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் இருபது வரிசைகளும் படமும் பெயருமாகக் கிடந்த ஃபோல்டர் காலி. ஓரத்தில் மட்டும் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு பச்சை டிக்.

டிசம்பர் பத்தொன்பது. கத்தாரில் இருக்கும் மகன் ஷிஜினை அழைத்தாள்.

“பச்சை டிக் வருதாம்மா?”

“வருது.”

“அப்போ ஒண்ணும் போகல்ல. நல்லா பாரு.”

“டிக்கு இருக்கு மக்கா. கல்லறைதான் இல்ல.”

நேசபாய் முப்பத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். திருவட்டாறு பக்கம் அவளுடைய ஊரில் இன்றைக்கும் லேப் அக்கா என்றால்தான் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த பாத்திரத்தைக்கூடப் பிளாஸ்டர் ஒட்டி, பெயர் எழுதித்தான் திருப்பிக் கொடுப்பாள். பெயர் இல்லாத குப்பியைக் கொட்டிவிடு என்பது அவள் படித்த முதல் பாடம்.

2021 வெள்ளத்தில் சபை அலுவலகத்துக்குள் தண்ணீர் ஏறி, அடக்கப் பதிவேடு ஊறிப்போனது. அதைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபேனுக்கு அடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் போட்டாள். பத்தொன்பது நாள். ஒரு தாள் காய்ந்ததும் ஒரு படம். படமெடுத்து முடிந்த தாள்கள் நாறுகின்றன என்று கமிட்டிக்காரர்கள் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். அப்போதே அவளுக்குக் கொதித்தது.

பிறகு, புதிய அடக்கங்களுக்கு இடம் வேண்டுமென்று பழைய பகுதியைச் சமப்படுத்தத் தீர்மானம் போட்டார்கள். யார் எங்கே என்று ஒரு வரைபடம் இருந்தால் சுவரில் பெயர் பொறித்துக்கொள்ளலாம் என்றார்கள். நேசபாய் ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் எண் எழுதிய குச்சி நட்டுப் படமெடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வரிசைக்கு ஒரு ஃபோல்டர், அதிலேயே பதிவேட்டுத் தாள்களின் படங்களும்; கம்ப்யூட்டரில் ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவாள். எல்லாம் முடிந்தபிறகு மொத்தமாகப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். அக்டோபரில் சிலுவைகளையும் குச்சிகளையும் பிடுங்கி மதில் ஓரம் குவித்துவிட்டார்கள். ஜனவரி பத்தாம் தேதி ஜேசிபி வருகிறது.

பதினேழாவது வரிசையில் நான்காவது, அவளுடைய மூத்த பிள்ளை. மூன்று நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து ஷிஜின் திரும்ப அழைத்தான். குரல் இறங்கியிருந்தது.

“பிளஸ்ஸி அவ லேப்டாப்புலேர்ந்து அழிச்சிருக்கா. அவளுக்குத் தெரியாதும்மா.”

பிளஸ்ஸி அவன் மனைவி. ஆறு மாதக் கர்ப்பம். மார்த்தாண்டத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஜூனில் லீவுக்கு வந்த ஷிஜின்தான் இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் ஒரு சாஃப்ட்வேரால் கோத்துவிட்டுப் போனவன். ரெண்டு வீட்டுல கிடந்தா எதுக்கு பயப்படணும் என்று கேட்டிருந்தான்.

நேசபாய் பிளஸ்ஸியிடம் பேசினாள்.

“கிறிஸ்மஸுக்கு வீடு ஒதுக்கும்போ அம்மா லேப்டாப்பப் பாத்துட்டா மாமி. வயித்துப்பிள்ளக்காரி இருக்க எடத்துல சவக்கோட்டைக் கல்லறப் படமாட்டின்னு ஒரே சத்தம். ஒரு நாளு பத்து ஃபோல்டர் அழிச்சேன். வாந்தி வந்து படுத்துட்டேன். மிச்சத்த ஏழு நாளு கழிச்சு, அடுத்த ஆழ்ச்சதான் அழிச்சேன்.” குரல் அழுகைக்குப் போனது. “நான் எனக்க லேப்டாப்புல உள்ளதத்தான மாமி அழிச்சேன்.”

“நீ ஒண்ணும் செய்யல்ல மக்கா. இரும்பு மாத்திர போட்டியா?”

போனை வைத்தாள். மேசையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் சுவரில் போய் மோதி உருண்டது. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் கோபப்பட முடியாது. செலவாகாத கோபம் முழுவதும் மகனுக்கு மிச்சமிருந்தது.

“அங்க அழிச்சா இங்கயும் அழியும்னு எனக்கிட்ட சொன்னியா?”

“அது சிங்க் அம்மா. அப்படித்தான் வேல செய்யும்.”

“பேக்கப்புன்னுல்லா சொன்ன.”

“ரெண்டும் ஏகதேசம் ஒண்ணுதான்.”

“ரத்தத்தையும் மூத்திரத்தையும் ஒரே குப்பியில ஊத்தி, ரெண்டும் ஏகதேசம் ஒண்ணுதான்னு நான் ரிப்போர்ட் எழுதினா நோயாளி என்னலே ஆவான்?”

அழித்தது சாஃப்ட்வேர் நிறுவனத்தின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், தேடுகிறேன் என்றான் ஷிஜின். சாயங்காலம் பத்து வரிசைகள் திரும்பி வந்தன. பதினொன்று முதல் இருபது வரை. முதல் பத்தை பிளஸ்ஸி அழித்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

தங்கச்சியின் இடுப்பு ஆபரேஷனுக்காக நேசபாய் ஒரு மாதம் நாகர்கோவிலில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். அந்த ஒரு மாதமும் அவள் கணவர் செல்வதாஸ் இதே கம்ப்யூட்டரில்தான் தினமும் கீர்த்தனை கேட்டிருக்கிறார். ஒரு ஃபோல்டர் காலியானதை அவர் கவனிக்க நியாயமில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கம்ப்யூட்டரைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் ஓடிவிட்டது, மேலே மேலே எழுதிப் பழசு போயிற்று என்று கடைக்காரன் கையை விரித்தான்.

“நான் பாட்டுதான கேட்டேன்,” என்றார் செல்வதாஸ்.

“கேட்டுக்கிட்டே இரும்.”

பதினேழாவது வரிசையைத் திறந்தாள். நான்காவது படம் இருந்தது. புல், ஒரு குச்சி, அதில் அவள் கையெழுத்து. தன் பிள்ளை திரும்பி வந்ததுகூட அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. திரும்பி வராத தொண்ணூற்றாறு பேருக்கு யார் ஜவாப் சொல்வது?

ஷிஜின் நான்கு சாஃப்ட்வேர்களின் பெயரை அனுப்பினான். ஆளாளுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தான். அவள் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. லேபில் புதிய மருந்து வந்தால், விடை தெரிந்த சாம்பிளை வைத்துத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். முற்றத்துச் செம்பருத்தியைப் பத்துப் படம் எடுத்தாள். தமிழில் பெயர் வைத்தாள். ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் கொடுத்து, இரண்டை அழித்து, ஒன்றின் மேல் கறுப்பு அடித்து, மூன்று நாள் கழித்துப் பழைய பத்தையும் கேட்டாள்.

ஒன்று, அழித்ததை அங்கேயும் அழித்து வைத்துக்கொண்டு டிக் காட்டியது. அடுத்தது கறுப்பு அடித்த பூவையே திருப்பித் தந்தது. மூன்றாவது பத்துப் பூவையும் தந்தது, தமிழ்ப் பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாக மாறியிருந்தன.

“படம் வந்துட்டுல்லா அம்மா?”

“படத்துல புல்லுதான் இருக்கு. பேருதான் ஆளு.”

பார்க்க லட்சணமில்லாத நான்காவது, தேதிவாரியாக அடுக்கிவைத்து, கேட்ட நாளின் பூவைக் கேட்ட பெயரோடு கொடுத்தது. அதை வைத்துக்கொண்டாள். நகல் போகும் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் பூட்டினாள். இன்னொரு டிஸ்க் தங்கச்சி வீட்டுக்குப் போயிற்று.

ஜனவரி ஐந்தாம் தேதி சபைச் செயலர் யேசுரத்தினத்தின் முன்னால் போய் நின்றாள்.

“முதல் பத்து வரிசையத் தொடப்பிடாது.”

“அதுக்குத்தான் பேரே இல்லேங்கியே அக்கா. பேரில்லாததுல என்ன பாக்க இருக்கு?”

“பேரு இருந்தது. பதிவேட்ட நீங்க எரிச்சிய. படத்த நான் தொலைச்சேன். ரெண்டு பேரு செஞ்ச தப்புக்கு அவிய மேல ஜேசிபி ஏறுமா?”

“பிறகு என்ன செய்யணும்?”

“ஞாயிற்றுக்கிழம ஆராதனையில அறிவிப்பு வாசிக்கணும். அந்தப் பக்கம் ஆளு உள்ளவங்க வந்து காட்டட்டும். லேப் அக்கா தொலைச்சுட்டான்னு சேத்து வாசியும்.”

யேசுரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தார். ஈஸ்டர் வரைக்கும் என்று தவணை கொடுத்தார்.

அறிவிப்பு வாசித்த ஞாயிறு மத்தியானமே முதல் ஆளாக ராகேல் வந்தாள். நேசபாயோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், முந்திரி ஆலையில் வேலை. கல்லறைத் தோட்டத்தில் நேராக நடந்துபோய் ஒரு இடத்தில் காலை ஊன்றினாள்.

“எங்க அப்பா இங்கண. தலைமாட்டுல கொல்லாமரம் நின்னது. மூடு அந்தா கிடக்கு பாரு.”

முந்திரி மரத்தின் அடிக்கட்டையும் விழும்படி நேசபாய் குச்சி நட்டுப் படமெடுத்தாள். வீட்டுக்கு அழைத்து வந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயர் எழுதினாள்: 1-3, ஞானாபரணம். டிஸ்க்கைச் செருகினாள், நகல் ஓடி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு ராகேல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தாள்.

“ஏட்டி, என்ன செய்த?”

“பேசாம இரு.”

டிஸ்க்கிலிருந்து திரும்பக் கேட்டாள். கொல்லாமரத்து மூடு, குச்சி, கீழே ஞானாபரணம். ஒரு எழுத்துகூடக் கட்டமாகவில்லை.

“எங்கப்பன ரெண்டு நிமிசம் கொன்னுட்டியேட்டி,” என்றாள் ராகேல்.

நேசபாய் சிரிக்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றி, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டித் தேதி எழுதினாள். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

“ஆரு?” என்றாள். “எந்த வரிச?”