அக்கரையில் கட்டிய ஒலிபெருக்கி

குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தென்னைமரத்தில் ஏணி போட்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஆம்பூர் பஸ்ஸில் வந்திறங்கிய எங்கள் தொழிற்சாலை மேஸ்திரி கீழே நின்று கூப்பிட்டார். "தாஸு, எறங்கு. சாலமன் சார் போய்ட்டார்." நான் உடனே இறங்கவில்லை. கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்தேன். அதன்மேல் தேவையில்லாமல் இன்னொரு முடிச்சும் போட்டேன். தாலி கட்டும் நேரத்துக்கு நாதஸ்வர ரெக்கார்டு போடவேண்டியவன் நான். கல்யாண வீட்டில் சாவுச் செய்தியைச் சொல்ல முடியுமா? ரெக்கார்டை ஓடவிட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன்.

எங்கள் தோல் தொழிற்சாலையில் சாலமன் அண்ணன் தரம் பிரிப்பவர். நான் அங்கே டைம்கீப்பர். மீதி நேரத்தில் மைக்செட்காரன். நம் சபையில் அவர் பாட்டைக் கேட்காதவர் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். அவர் கோபத்தைப் பார்க்காதவரும் இருக்க மாட்டீர்கள். ஆர்மோனியம் கொஞ்சம் விலகினாலும் போதும், பாட்டை நிறுத்திவிட்டு, காலில் முள் குத்தியவர் போல் அப்படியே நிற்பார். சமாதானம் சொல்லப் போனவருக்கும் அர்ச்சனை நடக்கும். ஆனால் அதே மனிதர் தங்கை எஸ்தர் பாட வந்தால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்.

அவர்கள் அப்பா கட்டிய பாட்டு ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். "விளக்கேற்றி வைத்தேன், வருவீரோ" என்று அண்ணன் பாடி நிறுத்துவார். எஸ்தர் ஒரு மூச்சு பொறுத்து, "வருவீரோ" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொல்வார். எல்லா வரியும் அந்தச் சொல்லில்தான் முடியும், ஒவ்வொரு முறையும் அப்படித்தான். தங்கையின் பங்கு அவ்வளவே. ஆனால் அந்தச் சொல் வந்தபிறகுதான் அடுத்த வரிக்கே அண்ணனுக்கு உயிர் வரும்.

எஸ்தர் நர்ஸ் வேலைக்கு மலேயாவுக்குக் கப்பலேறினார். அதன்பிறகு அண்ணன் அந்தப் பாட்டைப் பாடகர் குழுவிலிருந்த ஒவ்வொருவரோடும் பாடிப் பார்த்தார். ஒருத்தி முந்தினாள் என்றார். ஒருத்தி கத்தினாள் என்றார். குழுவில் பாதிப் பேர் அவரோடு பேசுவதை நிறுத்தியபின், ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் நேராக என்னிடம் வந்தார். "தாஸு, மனுஷங்க வேணாம். எதிரொலி ஒண்ணு குடு. என் குரலே திரும்பி வரட்டும்" என்றார். இன்னாண்ணா இது புது வில்லங்கம் என்று கேட்டேன். "அவ போனதுலேர்ந்து பாட்டு நொண்டுதுடா" என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

மேல்விஷாரம் ரஹீம் பாயிடம் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் இருந்தது. பாடுவதை ஒரு முனையில் பதிந்து, நாடா கொஞ்ச தூரம் ஓடியபின் மறுமுனையில் பேசவைக்கும் மெஷின் அது. நாடாவின் வேகத்தைக் குறைத்தால் எதிரொலி இன்னும் தாமதமாக வரும். பாய் பெரிய மனதோடு ஒரு மாலை முழுவதும் எங்களுக்கு ஒதுக்கினார். வேகத்தைக் கூட்டி வைத்தால், அண்ணனின் குரலுக்கே ஒரு மினுக்கு ஏறியது. குறைத்து வைத்தால், குகைக்குள் நின்று பாடுவது போலிருந்தது. சொக்கிப் போய் நான் உட்கார்ந்திருந்தேன். "அச்சா, சினிமாவே தோத்துச்சு! எடுத்துக்கினு போ தோஸ்த்" என்றார் பாய். அண்ணன் தலையை ஆட்டினார். "குரல் ஜோரா இருக்கு பாய். ஆனா இது என்னைத் துரத்துது. எஸ்தர் துரத்தமாட்டா. கேட்டு முடிச்சிட்டுத்தான் பாடுவா." இதற்குமேல் வேகத்தைக் குறைக்க அந்த மெஷினில் வழியில்லை. பாய் சிரித்துக்கொண்டே டீ வரவழைத்தார்.

திரும்பும் வழியில் பாலாற்று மணலில் நடந்தோம். அக்கரையில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். துணி கல்லில் விழுவது முதலில் தெரிந்தது. சத்தம் பிறகு வந்தது. அண்ணன் நின்றுவிட்டார். அவர் கேட்கப்போவது எனக்குப் புரிந்தது. என்னிடமிருந்த ஒயர் அத்தனையும் மணலில் இழுபடப்போகிறது என்பதும் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அங்க ஒரு ஸ்பீக்கர் கட்டுடா" என்றார்.

அந்த வருஷம் ஆற்றோர மைதானத்தில் நம் சபையின் அறுப்பின் பண்டிகை. மேடைக்கருகே ஒரு ஒலிபெருக்கி, அக்கரைப் பனைமரத்தில் மேடையைப் பார்த்து இன்னொன்று. முதல் வரியிலேயே வினை வந்தது. தன் குரல் ஆற்றைக் கடந்து திரும்புவதைக் கேட்கக் கேட்க, ஒவ்வொரு சொல்லுக்கும் அண்ணன் காத்திருக்கத் தொடங்கினார். அவர் காத்திருக்க ஆர்மோனியம் காத்திருந்தது. ஆர்மோனியத்துக்காக மிருதங்கம் காத்திருந்தது. பாட்டு நத்தையாக ஊர்ந்தது. காணிக்கை ஏலத்துக்குக் கட்டியிருந்த ஆடு, பாட்டு முடிவதற்குள் பக்கத்திலிருந்த வாழைத்தாரில் பாதியைத் தின்றுவிட்டது. போதகர் ஐயர் மட்டும் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

அதிலிருந்துதான் எங்கள் முறை பிறந்தது. அக்கரை ஸ்பீக்கருக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தேன். வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் அதை அழுத்தி, உடனே விட்டுவிடுவேன். மற்ற நேரம் அக்கரை சும்மா இருக்கும். பிறகு பல ஞாயிறுகள் பிற்பகலில் தூரத்தைத் தேடினோம். பனைமரத்திலிருந்து ஆலமரத்துக்கு, அங்கிருந்து கிணற்று மேட்டுக்கு, மறுபடி ஆலமரத்துக்கு. கிட்டே வந்தால் "பறக்குறா" என்பார். தள்ளிப் போனால் "தூங்கிட்டா" என்பார். கடைசியில் ஆலமரத்தில் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதோ, வந்துட்டா" என்றார். அன்றிலிருந்து பண்டிகைதோறும் பாலாற்றின் அக்கரையிலிருந்து நமக்கெல்லாம் அந்தச் சொல் வந்தது. நீங்கள் கேட்டது எதிரொலி. அவர் கேட்டது தங்கையை.

பிறகு ஒரு வருஷம் எஸ்தர் விடுப்பில் வந்தார். மேடை ஏறச் சொன்னதற்கு, பாடி வருஷக்கணக்காகிவிட்டது என்று மறுத்துவிட்டு, பெண்கள் பக்கத்தில் முக்காடிட்டு உட்கார்ந்துகொண்டார். பாட்டுக்கு முன் அண்ணன் என்னிடம் குனிந்து, "இன்னைக்கு சுவிட்சத் தொடாதே" என்றார். அவ பாடலைன்னா இன்னா பண்றது என்றேன். "பாடுவா" என்றார், குரலில் அந்த நிச்சயம் இல்லை.

முதல் வரி முடிந்தது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வரிக்கும் அதே வெறுமைதான். "மைக்செட்டு பேஜார்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது. என் கட்டைவிரல் சுவிட்சின்மேல் துடித்தது. அண்ணன் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். மூன்றாவது வரியைப் பாடி நிறுத்தினார். ஆலமரத்திலிருந்து வந்திருக்கவேண்டிய நேரம் கடந்துபோயிற்று. அவ்வளவுதான் என்று நான் நினைத்தபோது, பெண்கள் நடுவிலிருந்து, மைக் இல்லாமல், உடைந்த சின்னக் குரலில் வந்தது: "வருவீரோ." முன்வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்டிருக்காது. அண்ணன் அடுத்த வரியை மறந்துவிட்டார். மேடையில் அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

ஒயரைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தாஸு, தூரத்த நான் கம்மியா வெச்சிட்டேன்டா" என்றார். "அவ அவ்ளோ நேரம் என்னைக் கேட்டுக்கினு இருந்திருக்கா. அதுக்கப்புறம்தான் பாடியிருக்கா. கூடவே இருந்தப்ப எனக்குத் தெரியல." எஸ்தர் மலேயாவுக்குத் திரும்பியபின், அடுத்த வருஷம் நான் ஆலமரத்தைத் தாண்டி, வேலிகாத்தான் புதர்களுக்குப் பின்னாலிருந்த மேட்டில் கம்பம் நட்டேன். அதற்குமேல் அவர் அதை நகர்த்தச் சொல்லவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது பயத்தில் நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தேன். என் கையை மெல்லத் தட்டினார். "பேசிட்டு கொஞ்சம் நில்லுடா. பதிலு வழியில வந்துக்கினு இருக்கும்" என்றார். நின்றேன்.

அடக்கத்தில் அந்தப் பாட்டைத்தான் பாடினோம். அங்கே மைக் ஏது? முதல் வரியின் முடிவில், யாரும் சொல்லாமலே பாடகர் குழு நின்றது. அவரோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்களும் நின்றார்கள். அந்தச் சொல்லை ஒருவரும் பாடவில்லை. புதர் மேட்டிலிருந்து குரல் வந்துசேரும் நேரம்வரை எல்லோரும் காத்திருந்து, பிறகு அடுத்த வரிக்குப் போனோம். காலியாக இருந்த என் கையில் கட்டைவிரல் மட்டும் அழுந்தி எழுந்தது. அந்த அசைவுதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். வீட்டில் யாராவது ஒரு வரியை முணுமுணுத்து நிறுத்தினாலும் அது வந்துவிடுகிறது.

எஸ்தர் கப்பலில் வந்துகொண்டிருக்கிறார். அக்கரையில் எதற்காக ஒலிபெருக்கி கட்டினோம் என்ற கதை அவருக்குத் தெரியாது. தான் இருக்கும்வரை சொல்லக்கூடாதென்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வந்ததும் அவரை ஆற்றைக் கடந்து கூட்டிப் போவேன். பனைமரத்தையும் ஆலமரத்தையும் காட்டிவிட்டு, புதர்களுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் நிறுத்துவேன். "இதாம்மா உன் இடம். நீ இல்லாத வருஷமெல்லாம் இங்க நின்னுதான் அண்ணனுக்குப் பதில் சொல்லிக்கினு இருந்தே" என்பேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பேன்.