ஒற்றை ஆள் தோணி

அந்தத் தோணி தென்னைகளுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தது. அடிப்பகுதியை ஓலைத் தீயில் வாட்டியிருந்தார்கள்; கருகிய மர வாசம் கரைவரை வந்தது. அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி, விரலை மடக்கித் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் ஓட்டை தேடியது மரத்தில் இல்லை, அதைச் செதுக்கியவர்களின் பேச்சில்.

நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அப்பா. சின்ன வயதில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து தாத்தாவோடு இந்தியாவுக்குக் கப்பலேறியவர். நிலம் தருகிறோம் என்றவர்கள் முகாமில் விட்டார்கள். முகாமிலிருந்து இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். அதனால் யார் எதைச் சொன்னாலும் "யாரு பேர்ல இருக்கு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. போர்ட் பிளேர் கப்பல் சங்கு ஊதினாலும், கயிற்றை அவிழ்க்கும்வரை அது கிளம்புகிறது என்று நம்பமாட்டார். நான் இப்போது போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் நானும் வாடகை ரசீதை எடுத்துப் பார்க்கிறேன். ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்?

அப்படிப்பட்டவரின் மூத்த மகள், பக்கத்து நிக்கோபாரிப் பழங்குடிக் கிராமத்தில் தோணி செதுக்கும் ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. பாய் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே வேவு பார்க்கப் போனார்.

தாழை ஓலையில் பாய் முடைந்துகொண்டிருந்த பெண்களிடம், இது யார் செய்தது என்று ஹிந்தியில் கேட்டார். "ஹம் லோக்" என்றார்கள். நாங்கள்தான். தென்னைகளுக்கு நடுவே கிடந்த அந்தத் தோணி யாருடையது? "ஹம் லோக் கா." எங்களுடையது. வீடு, தென்னை, பன்றிகள்? எல்லாவற்றுக்கும் அதே பதில். அப்பா என் காதருகே குனிந்தார். "எல்லாம் எல்லாருக்கும்னா, அவனுக்குன்னு ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். என்னமோ மறைக்கிறானுங்க." அந்த ஊரில் தனி ஆளுக்கு இல்லை, கூட்டுக் குடும்பத்துக்குத்தான் எல்லாம் சொந்தம் என்று கூடப் படித்த பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்பது வேறு, அக்காவை அங்கே அனுப்புவது வேறு. அப்பாவின் சந்தேகம் என்னையும் தொற்றிக்கொண்டதில் எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது அக்கா விரும்பியவரிடம் அப்பா நிபந்தனை போட்டார். "ஒரு தோணி செஞ்சு காட்டு. நீ ஒருத்தனா செய்யணும். அப்பறம் பேசுவோம்." அவர் தயங்கித் தலையாட்டினார்.

மழை ஓய்ந்ததும் மறுபடி போனோம். காட்டிலிருந்து இழுத்து வந்த மரத்தை ஊரே கூடிக் குடைந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெற்றி. "பாத்தியா புள்ள? ஏமாத்துறான்."

அக்கா விரும்பியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எங்கள் தோட்டக் குடியிருப்பு லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், தமிழும் ஹிந்தியும் கலந்துதான் பேசுவார். "அங்கிள், மொதல்ல அகேலா, தனியாத்தான் ஆரம்பிச்சேன். எல்லாரும் வந்து, உனக்கு ஆளில்லையான்னு கேட்டாங்க. ஆளில்லாதவனுக்கா நீங்க பொண்ணு குடுப்பீங்க?"

அப்பா விடவில்லை. மரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்த ஊர்த் தலைவரிடம் திரும்பினார். அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது ஹிந்தியில் வெளியே வந்தது. இவன் பேரில் ஒன்றும் இல்லை, நாளைக்கு இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் என் மகள் எங்கே போவாள் என்று கேட்டார். அடுத்த வருடம் அப்பாவுக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவதென்று எங்களுக்கே தெரியாத சமயம் அது.

கேப்டன் கையிலிருந்த வாய்ச்சியைக் கீழே வைத்தார். கேள்வி விளங்காதவராக அப்பாவையே பார்த்தார்.

"ஜாயேகி க்யூன்?"

அப்பாவுக்கு என்னைவிட நன்றாக ஹிந்தி தெரியும். இருந்தும் என் பக்கம் திரும்பினார். "என்னா சொல்றாரு?"

"அவ ஏன் இங்கருந்து போகணும்னு கேக்குறாருப்பா."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். அப்பா குனிந்து, கீழே கிடந்த வாய்ச்சியை எடுத்துக் கேப்டன் கையில் கொடுத்தார். பிறகு அவரிடம், கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் கேட்டார்.