கம்பெனியில் வந்த மாதிரி

என் தங்கை ரோஸ்வித்தாவின் புருஷன் ஹார்ட்விக்கைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அவன் குடிப்பதில்லை என்று சொல்வேன். அதற்கு மேல் கேட்டால் யோசிக்க வேண்டும். எங்கள் ஊர் பைனே நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருகிற வேலை. மூளை முழுக்க மிச்சம் இருப்பதால் அதை வைத்துக் கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கார் வாங்கினான்.

கார் நல்ல கார்தான். பெரிய பெயர் உள்ள கம்பெனி, பின்பக்கம் நீண்ட வண்டி. ஆனால் முதலில் அதை வாங்கிய ஓய்வுபெற்ற பாதிரியார் மகா கருமி. கம்பெனிக்காரன் கேட்ட ஒவ்வொரு வசதிக்கும் வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டி, நாலு சக்கரமும் ஸ்டீயரிங்கும் மட்டும் போதும் என்று எடுத்திருக்கிறார். அதனால் கியருக்குப் பக்கத்தில் இருந்த பொத்தான் வரிசையில் பாதி வெறும் மூடி. காசு கொடுத்தவனுக்கு அந்த இடத்தில் இருக்கை சூடாகும், திரை இறங்கும். கொடுக்காதவனுக்குக் கறுப்பு பிளாஸ்டிக்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் காரில் அந்த மூடிகள் உண்டு. யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இவனுக்கு மட்டும் அவை பல்லைக் காட்டிச் சிரித்தன. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வாங்கும்போது மலிவு வண்டி வேண்டும், வாங்கியபின் அது மலிவு வண்டி என்று யாருக்கும் தெரியக் கூடாது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. நொறுங்கிய கார்களிலிருந்து கழற்றிய சாமான்களை இணையத்தில் தேடித் தேடி வாங்கினான். முதலில் பின்னால் இழுவைக் கொக்கி. இழுக்க எதுவும் கிடையாது. பிறகு பின்ஜன்னலுக்குச் சுருள்திரை. வெயில் படக்கூடாத குழந்தையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் அக்கம்பக்கத்தார் சும்மா விட மாட்டார்கள் என்பதால், துளைபோடும் வேலையைச் சனிக்கிழமையே முடித்துவிட்டு, ஞாயிறு முழுக்க கராஜில் வயர் கோர்ப்பான். காபிக்கும் கேக்குக்கும் கூப்பிட்டால் வரமாட்டான். வந்தால் வயரைப் பற்றியே பேசுவான். வராமல் இருந்ததே மேல்.

ரோஸ்வித்தாவுக்கு இடுப்புவலி. மழலையர் பள்ளிச் சமையலறையில் நாள் முழுக்க நிற்கிறவள். ஒரு குளிர்காலத்தில் கடையில் மலிவாகக் கிடைத்த மின்சார மெத்தை ஒன்றை வாங்கி கார் இருக்கையில் விரித்தாள். நானும் அன்று கூட இருந்தேன். ஹார்ட்விக் கதவைத் திறந்தான், செத்த எலியைப் பார்த்ததுபோல நின்றான்.

“என்ன அசிங்கம் இது?”

“சூடா இருக்கு ஹார்ட்விக். உக்காந்துதான் பாரேன்.”

“வயர் வெளிய தொங்குது பாரு. கம்பெனியில வந்த மாதிரியா இருக்கு?”

“என் இடுப்புக்குக் கம்பெனியெல்லாம் தெரியாது.”

மெத்தை குப்பைக்குப் போனது. உண்மையான சூடேறும் இருக்கைகளை வரவழைக்கிறேன் என்று சொல்லி, பழைய இருக்கைகளைக் கழற்றிப் போட்டான். புதியவை வந்தபாடில்லை. இருக்கை இல்லாத கார் கராஜில் நிற்க, என் தங்கை பனிமழையில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனாள். ஏப்ரலில், குளிரெல்லாம் ஓய்ந்தபின், இருக்கைகள் வந்தன. யாருடைய நாயோ அவற்றில் வாழ்ந்து முடித்திருந்தது. ரோஸ்வித்தாவின் கோட்டில் இன்னும் அந்த நாயின் முடி இருக்கிறது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஃபேமார்ன் தீவுக்குப் போய் ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கோடை தொடக்கத்தில் வருகிற ஒவ்வொரு பெந்தகோஸ்தே திருநாள் விடுமுறைக்கும் கூட்டிப்போகிறேன் என்பான். ஒவ்வொரு பெந்தகோஸ்தேக்கும் காரின் குடல் வெளியே கிடக்கும். இந்த மே மாதம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், எல்லாரும் ஆஸ்பரகஸ் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஹார்ட்விக், இந்தத் தடவை கார் ஓடணும். ஓடலைன்னா நான் தனியா போவேன். தனியா போனா உங்கிட்ட திரும்பி வரமாட்டேன். அக்காவை சாட்சிக்கு வச்சுத்தான் சொல்றேன்.”

“ஓடும் செல்லம், ஓடும்” என்று சொல்லிவிட்டு அவன் இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துக் கொண்டான். எனக்கு அந்த உருளைக்கிழங்கை அவன் தொண்டையில் அடைக்க வேண்டும் போல இருந்தது.

விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர்கள் இல்லாத நாட்களில் செடிகளுக்குத் தண்ணீர் விட அவர்கள் வீட்டுச் சாவி வாங்கிக்கொள்ளப் போனேன். நடைபாதையில் பெட்டிகள். பெட்டிமேல் ரோஸ்வித்தா, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு. கராஜில் கார். காருக்குள்ளிருந்து ஹார்ட்விக்கின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக் கொண்டிருந்தன.

“என்னடி ஆச்சு?”

“காலைல பார்சல் வந்துச்சு. வேகம் காட்டுற முள்ளுக்குப் பதிலா பெரிய டிஜிட்டல் திரையாம். அரைமணி நேர வேலைன்னான்.”

ஹார்ட்விக் தலையை வெளியே எடுத்தான். முகத்தில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெருமை இருந்தது.

“திரை அருமையா வருது குட்ரூன். ஆனா இது வேற காரோட சாமானில்லையா, திருட்டுச் சாமான்னு நம்ம கார் நினைக்குது. அதான் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. எவ்வளவு புத்தி பாரு அதுக்கு!”

“காருக்காவது இருக்கே. இப்ப என்ன பண்ணப் போற?”

“ஷோரூம்காரன்தான் ரகசியக் கோடு போட்டுத் திறக்கணும். இன்னிக்கு மத்தியானமே மூடிட்டான், திங்கள் வரைக்கும் லீவு. செவ்வாய் திறப்பான்.”

“பழைய முள்ளு எங்க?”

“இதோ இருக்கே.” பின்னிருக்கையில் பத்திரமாகத் துணி சுற்றி வைத்திருந்தான்.

“அதை மறுபடி மாட்டினா?”

“ஓடும். உடனே ஓடும்.”

“மாட்டித் தொலையேன்!”

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளையை விற்கச் சொன்னதுபோல. “இவ்வளவு தூரம் வந்தப்புறமா? புதன்கிழமை கிளம்புனா என்ன? கடல் எங்கயும் ஓடிப்போயிடாது.”

ரோஸ்வித்தா எழுந்தாள். கத்தவில்லை, அழவில்லை. “அக்கா, உன் காரைத் திற. என்னை ஸ்டேஷன்ல இறக்கி விடு” என்றாள். பெட்டிகளை நான்தான் தூக்கி வைத்தேன். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுகிற இந்த முட்டாளிடம் என் தங்கை இத்தனை வருஷம் குப்பை கொட்டினாளே என்று எனக்கு வயிறு எரிந்தது.

வண்டியைக் கிளப்பும்போது அவன் ஓடி வந்தான். கையெல்லாம் கறுப்பு, மூச்சு இரைக்கிறது. ரோஸ்வித்தா கண்ணாடியை இறக்கினாள். ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாள். அவள் கை கதவுப் பிடியில் இருந்ததை நான் பார்த்தேன்.

“ரோஸ்வித்தா, உன் லேப்டாப் சார்ஜரைப் பெட்டில வச்சுட்டியா? புதுத் திரைக்கு ப்ரோக்ராம் போட உன் லேப்டாப்பைத்தான் காரோட கோர்த்திருக்கேன். சார்ஜ் போனா எல்லாம் போச்சு.”

அவள் கீழே இறங்கினாள். நடுத்தெருவில் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து சார்ஜரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மறுபடி ஏறிக்கொண்டு பெல்ட்டை மாட்டினாள்.

“தேங்க்ஸ் செல்லம்! நீ வரும்போது எல்லாம் ரெடியா இருக்கும்” என்று கையசைத்தான்.

தெருமுனை தாண்டியதும் அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“நான் திரும்பி வரப்போறதில்லைன்னு அவனுக்கு இன்னும் புரியல அக்கா.”

“புரியும்” என்றேன்.

“எப்ப?”

“ராத்திரி பசிக்கும்ல, அப்ப.”