பின்பாதி வருவதில்லை

கைகள் இரண்டும் காருக்கு அடியில் இருந்தன. கியர் எண்ணெய் கெட்டியாக ஒழுகி விழ, வலது கை தட்டை ஏந்திப் பிடித்தது. இடது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு துளியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தன. தேன் நிறத்தில் இருக்கவேண்டிய எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. விரல்களுக்கு நடுவே நறநறவென்றது. மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாடை. துவாரத்துக்குள் ஒரு காந்தத் துண்டை விட்டு எடுத்தன அந்தக் கைகள். இரும்புத் தூள் முடி முளைத்ததுபோல் அதில் அப்பிக்கொண்டு வந்தது.

போன மாதம்தான் இந்த கியர்பாக்ஸை இதே கைகள் மாட்டியிருந்தன.

அமலநாதன் காருக்கு அடியிலேயே சற்று நேரம் படுத்துக் கிடந்தார். குளுவாங்கில் அவருடைய பட்டறை ஒரு தகரக் கொட்டகை, முன்னால் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆனாலும் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஜொகூர் பாருவிலிருந்தும் மெர்சிங்கிலிருந்தும் விசாரித்துக்கொண்டு வருவார்கள். அவருடைய அப்பா காஹாங் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அமலநாதன் எந்தப் பள்ளியிலும் இந்த வேலையைப் படிக்கவில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து, பிரித்ததைப் பிரித்த வரிசையிலேயே சாக்கில் பரப்பி, மறுபடி மாட்டி மாட்டிக் கற்றுக்கொண்டார். ஒரு திருகாணி மிஞ்சினாலும் அன்றைக்கு வண்டி வெளியே போகாது. அப்படிப்பட்டவர்.

இந்தக் கார் சமீராவுடையது. இருபத்தைந்து வயதுப் பழைய ஸ்டேஷன் வேகன். சமீரா அதில் மெர்சிங் போய், படகுத்துறையிலேயே மீன் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டுக் குளுவாங்கிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். கணவன் ஆரிஃப் சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வீடு. குடும்பத்தின் உணவகத்தை ஆரிஃபின் அண்ணன் அஹ்னாஃப் நடத்துகிறார். மீன் வியாபாரம் சமீராவின் சொந்த வியாபாரம். மழைக்காலத்தில் ஜெமாலுவாங் தாண்டி ரோட்டில் தண்ணீர் ஏறி நிற்கும். மற்ற வண்டிகள் தயங்கி நிற்க, இந்தக் கிழட்டுக் கார் நான்கு காலையும் ஊன்றிக் கடந்துவிடும். அதை நம்பித்தான் கடைக்காரர்கள் அவளிடம் வாங்கினார்கள்.

அந்தக் கார்தான் நல்ல வெயிலில், ஜெமாலுவாங்குக்கு அப்பால், காட்டு ரோட்டில் புகைந்து நின்றது. பின்னால் பெட்டி நிறைய மீன். லாரி வந்து ஏற்றுவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது.

அமலநாதன் எழுந்து சாக்குக்கட்டியை எடுத்தார். காரின் நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, பின்பக்கம் போகும் தண்டைக் கழற்றினார். பின்சக்கரங்களில் இடதை அசையாமல் கட்டிவிட்டு, வலதை இருபது முறை கையால் சுற்றினார். தண்டு மாட்டும் முனை எத்தனை முறை சுற்றுகிறது என்று சாக்குக்கட்டியால் அதில் போட்ட கோட்டைப் பார்த்து எண்ணினார். நாற்பத்தொன்று. முன்சக்கரத்திலும் அதேபோல் செய்தார். நாற்பத்து நான்கு.

மறுபடி எண்ணினார். நாற்பத்து நான்குதான்.

வண்டி ஓடும்போதெல்லாம் முன்பாதி ஒரு வேகத்திலும் பின்பாதி ஒரு வேகத்திலும் ஓட நினைத்திருக்கிறது. நடுவே இரண்டையும் சேர்க்கிற இணைப்பு அந்த இழுபறியைத் தாங்கித் தாங்கி வெந்துபோய்விட்டது. மாட்டிய புதிதில் விடாத மழை. ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கிக் கொடுத்ததால் ஒன்றும் தெரியவில்லை. வெயில் வந்து தார் காய்ந்ததும் வழுக்க இடமில்லை.

இது இந்தத் தொழிலில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு. ஜப்பானிலிருந்து பழைய கார்களை இரண்டாக அறுத்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் உள்ள முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். ஹாஃப்கட் என்பார்கள். பின்பாதி வருவதில்லை. அதனால் வந்த கியர்பாக்ஸுக்கு அங்கே எந்தப் பின்பக்கம் ஜோடியாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எண்ணிப் பார்த்துத்தான் மாட்டவேண்டும். பிறர் மாட்டிக் கெடுத்த வண்டிகளில் இந்தத் தப்பை அமலநாதன் எத்தனையோ முறை கண்டுபிடித்திருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தும் இருக்கிறார். போன மாதம் கியர்பாக்ஸின் மேலோட்டைத் தடவிப் பார்த்தே, 'அதே ஜாதிதான்' என்று முடிவு கட்டிவிட்டார். கை சொன்னதை நம்பினார். எண்ணவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாடு பாத்திரத்திலேயே ஆறிப்போனது.

சாயங்காலம் அஹ்னாஃப் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டினார்.

"என்ன அமலாண்ணே, செத்துருச்சா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"இனிமே என்ன பாக்குறது? ஆயர் ஈத்தாம்ல பெசி புருக் வாங்குறவன்கிட்ட பேசிட்டேன். நாளைக்கே லாரி அனுப்புறேங்கிறான். பழைய இரும்புக்கு அவன் குடுக்குற காசே பெரிசு லா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொன்னா சமீரா கேக்காது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கார் கிழடாயிருச்சு, இனிமே மெர்சிங் ரோட்டுக்குத் தாங்காதுன்னு. பொம்பளப் புள்ள காட்டு ரோட்டுல யானைக்கும் மழைக்கும் நடுவுல எதுக்கு? நம்ம கடையில கல்லாவுல உக்காந்தா போதாதா?"

அமலநாதன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு தலையாட்டு போதும். கிழட்டுக் கார் செத்துப்போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். காரோடு அந்த நாற்பத்து நான்கும் ஆயர் ஈத்தாமுக்குப் போய் உருகிவிடும். சமீராவும் அழுதுவிட்டு கல்லாவில் உட்கார்ந்துவிடுவாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"கார் மேல தப்பில்ல," என்றார் கடைசியில். "நான் மாட்டுன கியர்பாக்ஸ் தப்பு."

அஹ்னாஃப் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அலமாக்! நீங்களா? நாலு வீலுக்கு ராஜான்னு ஊரே சொல்லுது! இத நான் வெளிய சொல்லவா?"

"சொல்லுங்க. சமீராகிட்ட மட்டும் நான் முதல்ல சொல்லிக்கிறேன்."

போனில் சொன்னதும் சமீரா வெடித்தாள். "ரெண்டு மணி நேரம் அந்தக் காட்டுல நின்னேன் அண்ணே! மீன் எல்லாத்தையும் கொட்டினேன். மூணு கடைக்காரங்க இனிமே வேணாம்னுட்டாங்க. வீட்டுல எல்லாரும் காரைத்தான் திட்டுறாங்க. நானும் அதைத்தான் திட்டினேன். இப்ப வந்து உங்க தப்புங்கிறீங்க!"

"ஆமாம்மா. நான் எண்ணாம விட்டுட்டேன்."

"இன்னொரு தடவை நான் எப்படி நம்புறது?"

காரை விற்கவேண்டாம், பொறுத்திரு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவளுடைய காரின் பழைய கியர்பாக்ஸ் உடைந்துபோனதால்தான் போன மாதம் மாற்றியது; அதைத் திரும்ப மாட்டமுடியாது. இப்போது மாட்டியிருக்கும் கியர்பாக்ஸுக்கு ஜோடியாகப் பின்பக்கப் பல்சக்கரப் பெட்டி வேண்டும். வராத பின்பாதியை எங்கே தேடுவது? தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் அடித்தார். அஹ்னாஃபும் சும்மா இருக்கவில்லை போலும். இரண்டு பேர் எடுத்த எடுப்பிலேயே, "கேள்விப்பட்டோம் அண்ணே" என்றார்கள். வரவேண்டிய ஒரு வண்டி வரவில்லை. வேறு பட்டறைக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

கடைசியில் தங்காக்கில் யுகேந்திரன் என்பவனின் கிடங்கில், உள்ளூரில் பிரித்த பழைய கார்களின் பின்பக்கப் பெட்டிகள் சில கிடப்பதாகத் தகவல் வந்தது. லெடாங் மலை மேகத்துக்குள் மறைந்திருந்த ஒரு காலையில் அங்கே போய்ச் சேர்ந்தார். மழையில் நனைந்து கிடந்த குவியலிலிருந்து யுகேந்திரன் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இதேதான் அண்ணே. மேலோட்டுல நம்பரே இருக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

அமலநாதன் அங்கேயே குந்தி, ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்ற ஆரம்பித்தார். நாற்பத்து நான்கு. மறுபடி சுற்றினார்.

"திரும்பவுமா? அண்ணே, பொண்ணுக்கு ஜாதகம் பாக்குறவன்கூட இவ்வளவு பாக்கமாட்டான்!"

"பாத்திருந்தா இங்க எதுக்குடா வர்றேன்," என்று சொல்லிவிட்டு மூன்றாவது முறையும் சுற்றினார்.

திரும்பி வந்து கியர்பாக்ஸை முழுவதும் பிரித்தார். இரும்புத் தூள் போயிருக்கக்கூடிய ஒவ்வொரு பல்லையும் மண்ணெண்ணெயில் கழுவினார். வெந்துபோன இணைப்பை எறிந்துவிட்டு வேறு மாட்டினார். தங்காக்கிலிருந்து கொண்டுவந்த பின்பக்கப் பெட்டியையும் மாட்டி முடித்ததும் காரை மறுபடி தூக்கி நிறுத்தி முன்னும் பின்னும் எண்ணினார். பிறகு வெயில் நாளாகப் பார்த்து மெர்சிங் வரை தானே ஓட்டிப்போய், படகுத்துறையில் இறங்கிக் காரின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கை பொறுக்கும் சூடுதான். திரும்பி வரும் வழியில் புகை வந்து நின்ற இடத்தை ஒட்டி வண்டி தானாகவே குலுங்குவதுபோல் அவருக்கு இரண்டு முறை தோன்றியது. இரண்டு முறையும் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

மறுநாள் சமீரா வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தார் ரோடு வேணாம்மா. இந்த சிமெண்டுத் தரையிலயே ஸ்டீரிங்க கடைசி வரைக்கும் ஒடிச்சு வட்டம் போடு," என்றார் அமலநாதன். "தப்பு இருந்தா இங்கயே இழுத்துப் பிடிக்கும்."

அவள் ஏறி உட்கார்ந்து வலப்பக்கம் ஒடித்து மெதுவாகச் சுற்றினாள். பிறகு இடப்பக்கம். டயர் கீச்சிடவில்லை. வண்டி தடங்கலில்லாமல் உருண்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு சுற்றும் வந்தாள். நின்றபோது அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது, முழுக்க இல்லை. இன்ஜினை அணைத்துச் சாவியோடு கீழே இறங்கினாள்.

"வீட்டுல இந்த காரை வித்தாகணும்னு இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. அஹ்னாஃப் மச்சான் நீங்க சொன்னத ஊருக்கெல்லாம் சொன்னாரு, வீட்டுல மட்டும் சொல்லல. சனிக்கிழமை எங்க வீட்டுக்காரரு வர்றாரு. நீங்களே வந்து அவருகிட்ட சொல்லணும்."

"வர்றேன்."

"எல்லாத்தையும் சொல்லணும். எண்ணாம விட்டதையும்."

"அதத்தான்மா முதல்ல சொல்லுவேன்."

அவள் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாளைக்கு மெர்சிங் போறேன். ரெண்டு கடைதான் மிச்சம் இருக்கு. போனை எங்கயாச்சும் வச்சிடாதீங்க, கையிலயே வச்சிருங்க."

கையிலிருந்த சாவியை வேண்டுமென்றே அவரிடம் நீட்டினாள். அவருக்குப் புரிந்தது. அவர் சரிபார்த்துத் தன் கையால் சாவியைத் தரும்வரை வண்டி அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. அமலநாதன் சாவியை வாங்கி, எந்த வண்டியையும் வெளியே விடும் முன் செய்வதுபோல நான்கு சக்கரங்களின் திருகாணிகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கறை படாதபடி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை அவளிடம் கொடுத்தார்.